வடமேருவும் ஐந்நூறு மரத்துண்டுகளும்

உத்திரமேரூர் என்னும் பெயருக்குள் ஒரு மலை இருக்கிறது. பல்லவர் காலத்தில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்ற இவ்வூரைச் சூழ்ந்திருப்பன ஏரிகளும் கால்வாய்களும் நெல்வயல்களுமே. புராணங்கள் வடதிசையில் வைத்துப் போற்றும் மேருமலையின் பெயரைச் சமவெளியில் குடியமர்ந்தோர் தம் ஊருக்குச் சூட்டினர். அம்மேருவைக் கயிலைமலையோடு ஒன்றாக வைத்து எண்ணும் மரபும் உண்டு. அக்கயிலை நிற்கும் மேற்குத் திபெத்தில், பனிமலைகளிடையே தோன்றும் பேராறுகளுள் ஒன்று யார்லுங் சாங்போ. உலகில் இதுவரை அளக்கப்பட்ட பள்ளத்தாக்குகளுள் மிக ஆழமானதாகப் பலரும் ஏற்கும் பள்ளத்தாக்கைக் குடைந்து செல்வது இவ்வாறுதான்.

அந்தப் பள்ளத்தாக்கு உலகுக்குத் தெரியவந்த வரலாறு, வெள்ளைக்காரத் துரைமாரின் வீரவரலாறாகவே பெரும்பாலும் சொல்லப்பட்டு வந்துள்ளது. ஆயின் அவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தையற்காரர். அவரை அனுப்பிய நில அளவை நிறுவனத்தின் முதற்கோடு போடப்பட்ட இடமோ உத்திரமேரூருக்கு வடகிழக்கே, அன்றைய செங்கல்பட்டுச் சீமையில், பரங்கிமலையின் அடிவாரத்தில் உள்ளது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பது பயனுடையது.

பள்ளத்தாக்கின் இயல்பு

சாங்போ ஆறு திபெத்தின் உயர்ந்த பீடபூமியில் நெடுந்தொலைவு கிழக்கு நோக்கி ஓடுகிறது. அங்கே அது தோற்போர்த்திய ஓடங்கள் செல்லத்தக்க அமைதியான ஆறு. பின்னர் அதன் வழியை இரண்டு மலைகள் மறிக்கின்றன. ஒன்று 7,782 மீட்டர் உயரமுள்ள நம்சா பார்வா. மற்றொன்று 7,294 மீட்டர் உயரமுள்ள கியாலா பெரி. இவ்விரு கொடுமுடிகளின் இடையே புகுந்து, நம்சா பார்வாவை வளைத்துக்கொண்டு, கிழக்கே சென்ற ஆறு தெற்கே திரும்புகிறது. சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கினுள் நுழையும் நீர், இந்திய எல்லையை எட்டும்போது 700 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஏரி மதகின் ஒரு முழ இறக்கத்தைக் கொண்டு பாசனத்தைக் கணக்கிடும் பாலாற்றுப் பகுதி உழவருக்கு, ஓர் ஆறு இத்தனை உயரத்தை ஒரே வளைவில் இழப்பது எண்ணிப் பார்க்கவும் அரியது.

பள்ளத்தாக்கின் நீளம் சுமார் 500 கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் அதன் ஆழம் 6,009 மீட்டர் எனச் சீன அறிஞர் கணக்கிட்டுள்ளனர். அமெரிக்காவின் புகழ்பெற்ற கொலராடோ பெரும் பள்ளத்தாக்கின் ஆழம் சுமார் 1,800 மீட்டரே. நேபாளத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கையே முதலாவதாக வைப்பாரும் உளர். எங்கிருந்து எங்கே அளப்பது என்பதைப் பொறுத்து அவ்வழக்கு நீள்கிறது.

இத்துணை ஆழம் எவ்வாறு உண்டாயிற்று? மலை உயர உயர, ஆறும் அதே வேகத்தில் அறுத்துக்கொண்டே இருந்தது என்பது நிலவியலார் தரும் விடை. நம்சா பார்வாவின் பாறை இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில் மேலெழுந்து வருகிறது. மலையும் ஆறும் ஒன்றையொன்று விடாமல் நடத்தும் போட்டியின் வடிவமே அப்பள்ளத்தாக்கு.

அங்கே நடந்து செல்வது ஆற்றங்கரையில் நடப்பதன்று. கரை என்று ஒன்று பல இடங்களில் இல்லை. செங்குத்தான பாறை நேரே நீரில் இறங்குகிறது. ஆதலின் வழிப்போக்கர் ஒரு மலைத்தோளின்மேல் ஏறி, மறுபுறம் இறங்கி, அடுத்த தோளின்மேல் மீண்டும் ஏற வேண்டும். ஒரு நாள் முழுதும் உழைத்து நடந்தாலும் பள்ளத்தாக்கின் போக்கில் சிறிது தொலைவே கடந்திருப்பர். ஏணியாகப் பயன்படுவது, படி வெட்டிய ஒற்றை மரம். ஆற்றைக் கடக்கப் பயன்படுவது, இரு கரையிலும் கட்டிய பிரம்புக் கயிறு. வளையத்துள் உடலை நுழைத்துத் தொங்கியவாறு அக்கயிற்றில் வழுக்கிச் செல்ல வேண்டும். வங்கக் கடலின் பருவக்காற்று இவ்வாயில் வழியாகவே திபெத்தினுள் புகுவதால் மழை ஓயாது. கீழே வாழையும் பிரம்பும் அடர்ந்த வெப்பக்காடு, அதன்மேல் அட்டைகள் நிறைந்த ஈரக்காடு, அதற்கும் மேல் ஊசியிலை மரங்கள், உச்சியில் பனியாறு. ஒரே சரிவில் இத்தனை நிலங்களும் அடுக்கப்பட்டுள்ளன. திபெத்தியப் பௌத்தர்க்கு இது பெமாகோ என்னும் மறைநிலம். அருளாளர்க்கு மட்டும் வாயில் திறக்கும் புனித பூமி. மோன்பா, லோபா மக்களுக்கு இது வேட்டைக்காடும் விளைநிலமுமான தாயகம்.

ஆறு எது?

திபெத்தில் மலைகளுக்குள் மறையும் சாங்போ வெளிவரும்போது எந்த ஆறாக வெளிவருகிறது என்னும் வினா, நூறாண்டுக்கும் மேலாகப் புவியியலாரை வருத்தியது. வங்காளத்தை அளந்த ரென்னல், அது பிரமபுத்திராவே என்றார். பிரெஞ்சுப் புவியியலார் தான்வில் போன்றோர் அது பர்மாவின் ஐராவதி என்றனர். அஸ்ஸாமில் பிரமபுத்திராவோடு கலக்கும் ஆறுகளின் நீரளவைக் கணித்தபோது, அவற்றுள் திகாங் என்னும் ஆறே மிகுதியான நீரைக் கொணர்வது தெரிந்தது. சாங்போவும் திகாங்கும் ஒன்றே என்னும் கருத்து வலுப்பெற்றது. ஆயினும் இரண்டிற்கும் இடைப்பட்ட பகுதியை அளந்தவர் எவரும் இலர். திபெத் அயலார்க்குக் கதவடைத்திருந்தது. தெற்கேயிருந்த மலைவாழ் மக்களும் ஆங்கிலேயரைத் தம் நிலத்தில் நுழைய விடவில்லை.

பரங்கிமலையிலிருந்து

இந்திய நிலத்தை முக்கோணங்களால் அளக்கும் பணியை 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் லாம்டன் தொடங்கினார். பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடையே, சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்று இரும்புச் சங்கிலியால் அளக்கப்பட்டது. அக்கோட்டைக் கொண்டே தெற்கே கடலூர்ப் பக்கமும் மேற்கே மைசூர்ப் பக்கமும் முக்கோணங்கள் விரிந்தன. குன்று கிடைக்காத இடங்களில் கோயிற் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. அரை டன் எடையுள்ள கோணமானியை 1808இல் தஞ்சைக் கோயிலின்மேல் ஏற்றும்போது அது மோதிச் சிதைந்ததும், லாம்டன் அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டதும் பலரும் அறிந்தவை. சங்கிலி பிடித்தவர்களும் கொடி பிடித்தவர்களும் இந்நாட்டு மக்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெயர்கள் எழுதப்படவில்லை.

லாம்டனுக்குப் பின் எவரெஸ்டும் அவருக்குப் பின் வந்தோரும் அம்முக்கோணங்களை இமயத்தின் அடிவரை கொண்டுசென்றனர். அங்கே கோணமானி நின்றுவிட்டது. எல்லைக்கு அப்பால் செல்ல, அந்நிறுவனம் வேறொரு வழியைக் கண்டது. மலைநாட்டவரைத் தேர்ந்தெடுத்து, யாத்திரிகர் வேடத்தில் அனுப்பும் முறை அது. மாண்ட்கோமரி என்னும் அதிகாரி வகுத்த இம்முறையில் பயின்றோர் பண்டிதர் எனப்பட்டனர். தம் காலடியை ஒரே சீராக வைத்து நடக்க அவர்கள் பழக்கப்பட்டனர். 108 மணிகள் கொண்ட செபமாலைக்கு மாற்றாக 100 மணிகள் கொண்ட மாலை தரப்பட்டது. நூறு அடிக்கு ஒரு மணி உருளும். மாலை ஒருமுறை சுற்றினால் பத்தாயிரம் அடி, ஏறத்தாழ ஐந்து மைல். குறிப்புத்தாள்கள் செபச் சக்கரத்தினுள் மறைந்திருந்தன. நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு உயரம் கணிக்க, வெப்பமானி ஊன்றுகோலுக்குள் இருந்தது. 1865-66இல் இவ்வாறு லாசாவரை சென்று மீண்ட நயின் சிங் பெரும்புகழ் பெற்றார்.

கிந்துப்

நயின் சிங் கற்றவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். சிக்கிமைச் சேர்ந்த கிந்துப்போ எழுத்தறியாதவர். 1878-79இல் நேம் சிங் என்னும் பண்டிதருக்கு உதவியாளாகச் சாங்போ கரையில் கியாலாவரை சென்று வந்தவர் என்பதே அவருடைய தகுதி.

1880ஆம் ஆண்டில் அளவைத் துறையின் ஹார்மன் அவரை மீண்டும் அனுப்பினார். இம்முறை தலைவராகச் சென்றவர் எழுதத் தெரிந்த ஒரு லாமா. கிந்துப் அவருடைய பணியாளராகச் சென்றார். பணி இதுதான்: ஆற்றைப் பின்தொடர்ந்து இறங்கி இந்தியாவை அடைய வேண்டும். அது இயலாவிடில், ஓரடி நீளமுள்ள 500 மரத்துண்டுகளை வெட்டி, அடையாளக் குழாய்களைப் பொருத்தி, நாளொன்றுக்கு 50 வீதம் பத்து நாள் ஆற்றில் விட வேண்டும். கீழே அஸ்ஸாமில் ஹார்மனின் ஆட்கள் காத்திருப்பர். துண்டுகள் வந்து சேர்ந்தால் இரண்டு ஆறுகளும் ஒன்றே என்பது உறுதியாகும்.

லாமா முதலிலிருந்தே பணியில் ஊன்றவில்லை. வழியில் ஓர் ஊரில், தங்கிய வீட்டுக்காரன் மனைவியின்மேல் மையல்கொண்டு நான்கு மாதம் கழித்தார். அவரை அவ்விடத்திலிருந்து மீட்கக் கிந்துப் தம் கையிலிருந்து 25 ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் இருவரும் கியாலாவைக் கடந்து, பள்ளத்தாக்கினுள் பெமாகோசுங் என்னும் சிறு மடம்வரை சென்றனர். அதற்கப்பால் வழியில்லை. திரும்பிச் சுற்றிச் செல்கையில், 1881இல், டோங்க்யுக் என்னும் கோட்டையின் தலைவனிடம் கிந்துப்பை விட்டுவிட்டு லாமா தம் நாடு போய்ச் சேர்ந்தார். தாம் அடிமையாக விற்கப்பட்டதைக் கிந்துப் பிறகே அறிந்தார்.

1882 மார்ச்சில் அவர் தப்பினார். தப்பியவர் வடக்கேயோ மேற்கேயோ சென்று தம் ஊரை நாடியிருக்கலாம். அவரோ தெற்கே திரும்பி, ஆற்றின் போக்கில் பள்ளத்தாக்கினுள் இறங்கினார். மார்புங் என்னும் மடத்தை அடைந்தபோது கோட்டைத் தலைவனின் ஆட்கள் பிடிக்க வந்துவிட்டனர். கிந்துப் மடத்துத் தலைவரின் காலில் விழுந்தார். இரங்கிய அவர் 50 ரூபாய் கொடுத்துக் கிந்துப்பை விலைக்கு வாங்கினார். ஓர் அடிமைத்தளை நீங்கி மற்றொன்று வந்தது.

சில மாதம் மடத்தில் உழைத்தபின், யாத்திரை செல்வதாக விடைபெற்றுச் சென்று, காட்டில் 500 துண்டுகளையும் தனியொருவராக வெட்டி ஒரு குகையில் ஒளித்துவைத்தார். ஆயினும் அவற்றை உடனே விடவில்லை. குறித்த காலம் கடந்துவிட்டதால், கீழே காத்திருப்பாரா என்னும் ஐயம் அவருக்கு எழுந்திருக்க வேண்டும். மடத்துக்குத் திரும்பி மேலும் உழைத்து, மீண்டும் யாத்திரைக்கு விடைபெற்று, இம்முறை லாசாவுக்கே நடந்தார். அங்குச் சந்தித்த சிக்கிம்காரர் ஒருவரைக் கொண்டு நேம் சிங்குக்குக் கடிதம் எழுதுவித்தார். லாமா தம்மை விற்றதையும், திபெத்திய ஆண்டுக் கணக்கின் இன்ன மாதத்து இன்ன நாள்களில் துண்டுகளை விடப்போவதையும் அக்கடிதம் ஹார்மனுக்குத் தெரிவிக்கக் கேட்டது.

லாசாவிலிருந்து டார்ஜிலிங்குக்கு வழி உண்டு. அவ்வழியில் அவர் திரும்பவில்லை. விலைகொடுத்து மீட்டவரின் மடத்துக்கே திரும்பினார். மேலும் ஒன்பது மாதம் பணி செய்தார். அவருடைய பக்தியை மெச்சிய தலைவர் அவரை விடுதலை செய்தார். 1883ஆம் ஆண்டு, குறித்த நாள்களில், பிபுங் என்னும் இடத்தில், நாளொன்றுக்கு 50 வீதம் 500 துண்டுகளும் ஆற்றில் விடப்பட்டன.

கீழே எவரும் பார்க்கவில்லை. கடிதம் ஹார்மனை அடையவில்லை. நோயுற்ற அவர் இந்தியாவை விட்டு நீங்கி, 1883இல் இறந்தார். துண்டுகள் அஸ்ஸாமையும் வங்காளத்தையும் கடந்து கடலிற் கலந்தன. அதனை அறியாத கிந்துப், ஆற்றைப் பின்தொடர்ந்து தெற்கே இந்திய எல்லையை நெருங்கும் இடம்வரை நடந்தார். அப்பால் செல்ல மலைவாழ் மக்கள் விடாமையால் வந்த வழியே திரும்பி, 1884 நவம்பரில் டார்ஜிலிங்கை அடைந்தார். நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருடைய தாயார் இடையில் காலமாகியிருந்தார்.

ஓர் எழுத்துப் பிழை

எழுத்தறியாதவரிடம் குறிப்பேடு இல்லை. நான்கு ஆண்டு வழியும் நினைவில் இருந்தது. ஊர்ப்பெயர், தொலைவு, கடந்த ஓடை, தங்கிய குடிசை என அவர் வாயால் சொன்னவற்றை, அவர் மீண்டு ஈராண்டளவு கழிந்த பின்னரே பிறர் எழுதிக்கொண்டனர். அதன் ஆங்கில வடிவம் 1889இல் அச்சாயிற்று. எழுத்துச் சான்று இல்லாத வாய்மொழி என்பதால் அது தயக்கத்துடனேயே ஏற்கப்பட்டது.

அவ்வறிக்கையில் ஒரு செய்தி மட்டும் உலகைக் கவர்ந்தது. பெமாகோசுங் அருகே சாங்போ 150 அடி உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது என்பதே அது. பேரருவி ஒன்று பள்ளத்தாக்கில் ஒளிந்திருக்கிறது என்னும் கனவு, கால் நூற்றாண்டு காலம் ஐரோப்பியரை ஈர்த்தது.

1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்னும் இரு அதிகாரிகள் அங்குச் சென்றனர். கிந்துப் சொன்ன ஊர்கள் அவர் சொன்ன வரிசையிலேயே இருந்தன. தொலைவுகளும் பெரிதும் ஒத்தன. ஆனால் பெமாகோசுங்கில் ஆறு விழும் உயரம் 30 அடியே. அப்படியாயின் கிந்துப் பொய் சொன்னாரா?

பெய்லி அதனை அவ்வாறு விட்டுவிடவில்லை. டார்ஜிலிங்கில் தையற்காரராக வாழ்ந்துவந்த முதியவரைக் கண்டுபிடிக்கச் செய்து, நேரிற் கேட்டார். விடை எளிது. கிந்துப் இரண்டு அருவிகளைச் சொல்லியிருந்தார். கியாலாவில் பக்கத்து மலையிலிருந்து விழும் சிற்றோடையின் அருவி 150 அடி. பெமாகோசுங்கில் ஆற்றின் வீழ்ச்சி 30 அடி. எழுதிக்கொண்டவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். சொன்னவர் நினைவில் பிழையில்லை. எழுதியவர் ஏட்டில் பிழை. கால் நூற்றாண்டு காலம் அப்பிழைக்கான பழியைச் சுமந்தவரோ எழுத்தறியாதவர்.

அவருக்கு ஓய்வூதியம் அளிக்கப் பெய்லி முயன்றார். அரசு அதற்கு இசையாது, ஒரே தொகையாக 1,000 ரூபாய் அளித்தது. அதன்பின் கிந்துப் நெடுநாள் வாழவில்லை.

பின்வந்தோர்

1924இல் தாவரவியலாளர் கிங்டன் வார்டும் காடர் பிரபுவும் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியைக் கடந்தனர். சில மைல் தொலைவே காணாது எஞ்சியது. 1950 ஆகஸ்டு 15இல் அஸ்ஸாம்–திபெத் எல்லையில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் சரிவுகளைப் பெயர்த்து வழிகளை அழித்தது. எஞ்சிய பகுதியில் சுமார் 33 மீட்டர் உயரமுள்ள அருவி ஒன்றை 1998இல் அமெரிக்கப் பயணிகள் இறங்கி அளந்தனர். அவர்களை அங்கு அழைத்துச் சென்றோர் அம்மண்ணின் வேட்டைக்காரர்கள். உலகம் தேடிய அருவி அவர்களுக்குப் புதிதன்று. 2025 ஜூலையில் இப்பெரு வளைவின் நீர்வீழ்ச்சியைப் பயன்படுத்தும் மாபெரும் மின் திட்டத்தின் பணியைச் சீனா தொடங்கியது. கீழே அருணாசலத்திலும் அஸ்ஸாமிலும் வங்கதேசத்திலும் வாழ்வோர், மேலேயிருந்து ஆற்றில் என்ன வரும், எப்போது வரும் என்று கேட்டுக் காத்திருக்கும் காலம் மீண்டும் வந்துள்ளது.

கணக்குக் காட்டுதல்

வடமேருவின் பெயர் தாங்கிய ஊருக்கு இவ்வரலாற்றால் வரும் செய்தி யாது? உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள் உலகறிந்தவை. வாரியத்துக்கு வர நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அவ்விதிகளின்படி கிந்துப்பின் பெயர் எந்தக் குடத்திலும் இடம்பெற்றிராது. நிலமின்மையும் எழுத்தறியாமையுமே போதிய தடைகள்.

ஆயின் அதே கல்வெட்டு மற்றொன்றையும் கூறுகிறது. பொறுப்பேற்றுப் பணிசெய்து கணக்குக் காட்டாது இருந்தவரும், அவருடைய உறவினரும் குடவோலைக்கு உரியவர் ஆகார். பத்து நூற்றாண்டுகளுக்கு முன் இவ்வூர்ச் சபை, ஒருவனுடைய தகுதியின் முதன்மையான அடையாளங்களுள் ஒன்றாகக் கணக்குக் காட்டும் நேர்மையை வைத்தது. அந்த அளவுகோலால் அளந்தால் கற்றறிந்த லாமா எங்கே நிற்பார், கல்லாத கிந்துப் எங்கே நிற்பார் என்பது வெளிப்படை. கேட்பார் இல்லாத இடத்திலும், பணித்தவர் இறந்துபட்ட பின்னரும், அவர் தம் கணக்கை ஐம்பது ஐம்பதாக எண்ணி ஆற்றில் செலுத்தினார்.

எழுத்தைப் போற்றுவது இலக்கிய வட்டங்களின் கடமை. கல்லில் எழுதிவைத்ததால்தான் உத்திரமேரூர் உலக வரலாற்றில் நிற்கிறது. ஆனால் வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து, கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை மறத்தலாகாது. ஏட்டில் ஏறாத சான்றுகள் இச்சீமை ஊர்களில் இன்றும் உள்ளன. ஏரியின் பழைய கரை எது, தூர்ந்துபோன கால்வாய் எவ்வழியே ஓடியது, பரங்கிமலைக் கோட்டுக்குச் சங்கிலி தூக்கியவர் எந்தச் சேரியினர் என்பன முதியோர் நாவிலேனும் எஞ்சியிருக்கக்கூடும். அவற்றைக் கேட்டு எழுதுவோர், 150ஐயும் 30ஐயும் குழப்பாது, சொன்னவர் சொன்னவாறே எழுதுவாராயின், பெமாகோசுங்கில் நேர்ந்த அநீதி மற்றோரிடத்தில் நேராது.